ஒரே ‘எஸ்’, இரண்டு வேலை: பன்மையையும் உடைமையையும் குழந்தைக்கு எந்த வழியில் சொல்லித்தருவது?

என் மகளுக்கு ஏழு வயது நடந்தபோது அவளுடைய ஆங்கில நோட்டில் பார்த்த இரண்டு வரிகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. மூன்று பூனைகள் என்று எழுத வேண்டிய இடத்தில் “த்ரீ கேட்’ஸ்” என்று மேல்கமா போட்டிருந்தாள். அடுத்த வரியில் பூனையின் வால் என்பதற்கு, கமாவே இல்லாமல், “கேட்ஸ் டெய்ல்”. வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் உட்காரவைத்து விதியைச் சொன்னேன்: “ஒருத்தருக்குச் சொந்தம்னா மேல்கமா போடணும். ஒண்ணுக்கு மேலன்னா போடக்கூடாது.” தலையை ஆட்டினாள். மறுவாரம் நோட்டைத் திறந்தால், கண்ணில் பட்ட எஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கமா. ஓடுகிறது என்று பொருள்தரும் “ரன்ஸ்”கூட “ரன்’ஸ்” ஆகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் இதை ஒழுங்காக யோசிக்க ஆரம்பித்தேன். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலம் எழுதும் குழந்தைக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர நான்கைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்ததில் எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன். அப்பாஸ்ட்ரஃபியை வீட்டில் மேல்கமா என்றுதான் சொல்கிறோம். இங்கேயும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் குழந்தை எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்த்துவிடலாம். சிக்கல் காதில் இருக்கிறது. “கேட்ஸ்” என்று பன்மையாகச் சொன்னாலும், “கேட்’ஸ்” என்று உடைமையாகச் சொன்னாலும், பல பூனைகளுடைய என்ற பொருளில் “கேட்ஸ்’” என்றாலும் ஒலி ஒன்றுதான். பேபி என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் இன்னும் கஷ்டம். குழந்தைகள், குழந்தையுடைய, குழந்தைகளுடைய என்ற மூன்றுக்கும் வாயில் வருவது ஒரே “பேபீஸ்”. தாளிலோ மூன்று விதம். பன்மையில் ஒய் போய் ஐ-இ-எஸ் வரும், உடைமையில் ஒய் அப்படியே நின்று மேல்கமா வரும், பன்மை உடைமையில் ஐ-இ-எஸ்ஸுக்குப் பின்னால் மேல்கமா. எழுத்துக்கூட்டக் கற்றுக்கொள்ளும் வயதில் குழந்தை காதைத்தான் நம்பி எழுதுகிறது; “ஒலியைக் கேட்டு எழுது” என்று நாமேதான் சொல்லிக்கொடுத்தோம். இங்கே மட்டும் காது கைவிட்டுவிடுகிறது.

ஆங்கிலத்தில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் கல்லுக்கு “ஸ்டான்” என்று பெயர். கற்கள் என்றால் “ஸ்டானஸ்”, கல்லினுடைய என்றால் “ஸ்டானெஸ்”. ஒரு உயிரெழுத்து வித்தியாசம். காதுக்கே பிரித்துக் கேட்டிருக்கும். பிறகு சொல்லின் கடைசி ஒலிகள் தேய்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. மேல்கமா ஆங்கிலத்துக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில்தான், அதுவும் விடுபட்ட எழுத்தைக் காட்டுவதற்காக. உடைமைக்கு அதைப் போடும் பழக்கம் அதற்கப்புறம் மெல்ல நிலைபெற்றது. காது இழந்த வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்ட வந்த குறி என்று அதைச் சொல்லலாம்.

ஆனால் குழந்தைக்கு வேறுபாடே தெரியாது என்று நினைத்தால் அது தப்பு. 1958-இல் ஜீன் பெர்கோ என்ற மொழியியலாளர் நான்கிலிருந்து ஏழு வயது வரையிலான, ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் இல்லாத சொற்களை வைத்துக் கேள்வி கேட்டார். பறவை மாதிரி ஒன்றின் படத்தைக் காட்டி “இது ஒரு வக், இப்போது இரண்டு இருக்கின்றன” என்று நிறுத்துவார். பிள்ளைகள் “வக்ஸ்” என்று முடிப்பார்கள். அதே ஆய்வில் தொப்பி வைத்திருக்கும் வக்கைக் காட்டி யாருடைய தொப்பி என்றும் கேட்டார். “நிஸ்” என்பது போல எஸ் மாதிரியான ஒலியில் முடியும் சொல் வந்தபோது, பன்மையைச் சரியாகச் சொன்னவர்களைவிட உடைமையைச் சரியாகச் சொன்ன பிள்ளைகள் அதிகம். ஒலி ஒன்றாக இருந்தும் பிள்ளைகள் இரண்டையும் ஒரே மாதிரி கையாளவில்லை. பேசும்போது அவர்களுக்கு இவை இரண்டு வேலைகள். எழுதும்போதுதான் கலங்குகிறது. அப்படியானால் நாம் தேட வேண்டியது, மனதில் ஏற்கெனவே இருக்கும் வேறுபாட்டைக் கைக்குக் கொண்டுவரும் வழியை.

முதல் வழி, எல்லோரும் செய்வது: விதியைச் சொல்லி, பயிற்சித்தாளைக் கொடுப்பது. சுலபம், அரைமணி நேரத்தில் முடியும், மதிப்பெண்ணும் போடலாம். ஒன்பது பத்து வயதில், இலக்கணச் சொற்கள் பழகிய பிள்ளைக்கு இதுவே போதுமானதாகக்கூட இருக்கலாம். சின்னக் குழந்தைக்கு இதில் இரண்டு கோளாறு. ஒன்று, தாளின் தலைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது. உடைமைப் பயிற்சி என்று மேலே இருந்தால் பத்து கோடிட்ட இடத்திலும் மேல்கமா போட்டால் பத்துக்குப் பத்து. எங்கே போடக்கூடாது என்று முடிவெடுக்கும் வேலையே குழந்தைக்கு வரவில்லை. இரண்டு, விதியில் நாம் சொல்லும் “சொந்தம்” என்ற சொல். பை அம்மாவுக்குச் சொந்தம் என்றால் குழந்தைக்குப் புரியும். பூனைக்கு வால் சொந்தமா? பள்ளிக்கு அதன் பெயர் சொந்தமா? இன்றைய பாடம் என்பதற்கும் மேல்கமா வருகிறதே, இன்றைக்கு எதுவும் சொந்தமாக இருக்க முடியுமா? குழந்தைக்குச் சொந்தம் என்பது பிடுங்கினால் அழக்கூடிய பொருள். விதி அதைவிட ரொம்பப் பெரியது.

இரண்டாவது வழி, ஒன்றை முடித்து, இடைவெளி விட்டு, அடுத்தது. பாடத்திட்டங்கள் இப்படித்தான் போகின்றன. 2014 முதல் இங்கிலாந்துப் பள்ளிகளில் நடைமுறையில் இருக்கும் பாடத்திட்டத்தில் எஸ், இ-எஸ் பன்மை முதல் ஆண்டில். ஒருமை உடைமைக்கு மேல்கமா இரண்டாம் ஆண்டில், அதாவது ஆறேழு வயதில். பன்மை எஸ்ஸுக்கும் உடைமை எஸ்ஸுக்கும் உள்ள இலக்கண வேறுபாடு என்று தனியாகப் பெயர்சொல்லி வருவது நான்காம் ஆண்டில்தான், எட்டொன்பது வயதில். அமெரிக்காவில் 2010-இல் வந்த பொதுத் தர நிர்ணயத்திலும் மழலையர் வகுப்பில் பன்மையை வாயால் சொன்னால் போதும்; உடைமை மேல்கமா இரண்டாம் வகுப்பில். இந்த வரிசை சும்மா வந்ததில்லை. ரோஜர் பிரவுன் என்ற உளவியலாளர் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து 1973-இல் வெளியிட்ட ஆய்விலும் பன்மை எஸ் முன்னால் வந்தது, உடைமை எஸ் அதற்குப் பின்னால். ஆகவே பெற்றோர் பதற வேண்டாம் என்பதற்கு இது நல்ல ஆதாரம். ஏழு வயதில் குழம்பினால் அது இயல்பு. அந்த ஊர்களிலேயே இதை முழுதாகக் கேட்பது அதற்குப் பிறகுதான்.

வரிசையை நான் அப்படியே ஏற்கிறேன். ஆனால் வரிசை மட்டும் போதாது. பன்மை நன்றாகப் படிந்த பிள்ளையிடம் ஒரு நாள் மேல்கமாவைக் காட்டினால் என்ன ஆகிறது என்பதை மேலே சொல்லிவிட்டேன்: புதுப் பொம்மை மாதிரி அதை எல்லா இடத்திலும் வைத்துப் பார்க்கிறது. எது முன்னால், எது பின்னால் என்பதை இந்த வழி சொல்கிறது. பேனாவைத் தூக்கிக்கொண்டு “இங்கே போடவா வேண்டாமா” என்று நிற்கும் நொடியில் குழந்தைக்குப் பிடிமானம் எதையும் தரவில்லை.

மூன்றாவது வழி, இரண்டையும் எதிரெதிரே வைத்துக் காட்டுவது. இதை நான் முதலில் தப்பாகச் செய்தேன். “கேட்ஸ்”, “கேட்’ஸ்” இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். வாயால் படித்தால் ஒன்றாகவே கேட்கும் இரண்டைக் காட்டி, வித்தியாசம் பார் என்றால் பிள்ளை எதைப் பார்க்கும்? பிறகு சொற்களை மாற்றினேன். பன்மையில் உருவே மாறும் சொற்களை எடுத்துக்கொண்டேன். ஒரு ஆள் “மேன்”, பல ஆட்கள் “மென்”. ஆளுடைய தொப்பி “மேன்’ஸ்”, ஆட்களுடைய தொப்பி “மென்’ஸ்”. நான்கும் காதில் நான்காக விழுகின்றன. அதே மாதிரி “சைல்ட்”, “சில்ட்ரன்”, “சைல்ட்’ஸ்”, “சில்ட்ரன்’ஸ்”. இன்னும் அழகு இலைக்கான சொல். ஒரு இலையின் நிறம் என்றால் “லீஃப்’ஸ்”, பல இலைகள் என்றால் “லீவ்ஸ்”. உடைமையில் எஃப் அசையாமல் நிற்கிறது, பன்மையில் வி ஆகிவிடுகிறது. குழந்தை இதைச் சொல்லிப் பார்த்துத் தானே கண்டுபிடித்தபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு மறக்காது. மேல்கமா போட்டால் சொல் மாறாமல் இருக்கும், பன்மையாக்கினால் சொல்லே மாறலாம் என்ற உணர்வு அங்கே வந்துவிடுகிறது. பிறகு “பேபி”யில் ஒய் ஏன் நிற்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதிரெதிரே வைக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள் இதுதான்: மேன், சைல்ட், லீஃப், நைஃப், மவுஸ் இவற்றில் ஆரம்பியுங்கள். பூனையும் நாயும் கடைசியில் வரட்டும். பாடப்புத்தகம் தலைகீழாகச் செய்கிறது, ஏனென்றால் ஒழுங்கற்ற பன்மை கடினம் என்று அதற்கு ஒரு கணக்கு. இந்த ஒரு வேலைக்கு அதுதான் எளிது.

ஆங்கிலம் மட்டுமே பேசும் வீடுகளில் சொல்லும் உத்தி ஒன்று உண்டு: சொற்களைத் திருப்பிப்போட்டு நடுவில் “ஆஃப்” வைத்துப் பார்ப்பது. பூனையின் வால் “த டெய்ல் ஆஃப் த கேட்” ஆகிறதென்றால் மேல்கமா. நம் பிள்ளைகளுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வாக்கியம் அவர்கள் வாயில் இயல்பாக வராது. வந்தாலும், “எ பாக்ஸ் ஆஃப் பென்சில்ஸ்” என்று ஒன்று எதிரே வந்தால் ஆஃப் இருக்கிறதே என்று பென்சிலுக்கு மேல்கமா போட்டுவிடுவார்கள்.

இனி நான் கடைசியாக வந்து சேர்ந்த வழி. தமிழில் கேட்பது.

ஆங்கிலம் ஒரு எஸ்ஸில் அடைத்து வைத்திருப்பதைத் தமிழ் இரண்டாகப் பிரித்தே வைத்திருக்கிறது. பன்மைக்குக் “கள்”, உடைமைக்கு “உடைய”, “இன்”, “அது”. ஐந்து வயதுத் தமிழ்க் குழந்தை இரண்டையும் ஒருநாளும் குழப்பாது. “பூனைங்க” என்றும் “பூனையோட” என்றும் அதற்கு வேறு வேறு படம் மனதில் வருகிறது. ஆங்கிலக் குழந்தைக்கு இல்லாத சௌகரியம் இது. அதைப் பயன்படுத்தாமல், ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே சொல்லித்தந்தால்தான் நல்லது என்று நாம் ஒதுக்கி வைத்துவிடுகிறோம். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஆனால் எந்தப் பாதியைச் சோதனையாக வைப்பது என்பதில் கவனம் வேண்டும். “கள் வருகிறதா பார்” என்று கேட்டால் தோற்றுப்போவோம். தமிழில் எண் முன்னால் வந்தால் கள்ளை விட்டுவிடுவோம்: மூணு பூனை, பத்து மாடு. அஃறிணையில் பன்மைக்குக் கள் கட்டாயமில்லை. மாடு வந்தது, மாடு வந்தன என்று வினையே எண்ணைக் காட்டிவிடும். இலக்கணத்தில் இதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்றே பெயர். “த்ரீ கேட்ஸ்” என்பதை மகள் தமிழில் “மூணு பூனை” என்றுதான் சொன்னாள். கள்ளைக் காணோம். அதனால் பன்மை இல்லை என்று முடிவுகட்டி மேல்கமா போட்டாள். அவளுடைய யோசனையில் தவறே இல்லை, நான் வைத்த சோதனைதான் தவறு.

“உடைய” சோதனை அப்படி ஏமாற்றாது. தமிழில் அதுவும் மறையும் என்பது உண்மை: பூனை வால், மரக்கிளை. ஆறாம் வேற்றுமைத் தொகை. ஆனால் மறைந்திருப்பதை உள்ளே நுழைத்துப் பார்க்கலாம். பூனை வால் என்பதைப் பூனையோட வால் என்று மாற்றினால் பொருள் நிற்கிறது. மூணு பூனை என்பதில் எங்கே “ஓட” நுழைத்தாலும் பொருள் கெடுகிறது. “ரன்ஸ்” மாதிரி வினைச்சொல்லுக்கு அது ஒட்டவே ஒட்டாது. “கேட் இஸ்” சுருங்கி “கேட்’ஸ் ஸ்லீப்பிங்” என்று வந்தால், பூனை தூங்குது என்பதைப் பூனையோட தூங்குது என்று மாற்றினால் பொருளே வேறாகிவிடும். இது வேறு மேல்கமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அம்மாவின் பை, பூனையின் வால், பள்ளியின் பெயர் மூன்றையும் ஒரே உருபு தாங்குகிறது. சொந்தம் என்ற சொல் திணறிய இடம் இது. நன்னூல் இதைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று பிரித்துச் சொல்கிறது. வால் பூனையை விட்டுப் பிரியாதது, பை அம்மாவை விட்டுப் பிரியக்கூடியது. உருபு இரண்டுக்கும் பொது.

சின்னப் பிள்ளையிடம் “உடைய” என்று கேட்கக்கூடாது, “ஓட” என்றுதான் கேட்க வேண்டும். பிள்ளையின் வாயில் புழங்குவது அதுதான். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்துதான் தெரிந்துகொண்டேன். “பூனையோட வால்” என்பதில் வருவதும் ஓட. “பூனையோட விளையாடினேன்” என்பதில் வருவதும் ஓட. முதலாவது ஆறாம் வேற்றுமை, இரண்டாவது மூன்றாம் வேற்றுமை. “ஐ ப்ளே வித் த கேட்ஸ்” என்று எழுதச் சொன்னதும் “ஓட வருதுப்பா” என்று மேல்கமாவைப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு சோதனைக்கு ஒரு கேள்வியைச் சேர்த்தேன்.

“பூனையோட எதும்மா?”

“வால்.”

“அப்ப போடு. இதுல பூனையோட எது?”

கொஞ்ச நேரம் வாக்கியத்தையே பார்த்தாள். “எதுவும் இல்லையே. விளையாடறதுதான் இருக்கு.”

“அப்ப?”

போட்டிருந்த கமாவை ரப்பரால் அழித்தாள். “ஓட” வந்தால் மட்டும் போதாது, “எது” என்று கேட்டால் ஒரு பொருள் பதிலாக வர வேண்டும். இந்த இரண்டாவது கேள்வி இல்லாமல் தமிழ் வழியை யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

பன்மை உடைமைக்கு இந்த வழி தருவது இன்னும் அதிகம். எஸ்ஸுக்கு முன்னாலா பின்னாலா என்பதில் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். தமிழில் பூனைகளுடைய என்று சொல்லும்போது எது முதலில் வருகிறது? கள். அதன் பிறகுதான் உடைய. பூனையுடையகள் என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அதே வரிசை: பன்மைக்கான எஸ்ஸை எழுதி முடி, பிறகு மேல்கமாவை வை. “கேட்ஸ்’”. பிள்ளையிடம் நான் சொல்வது, “யாரோடதுன்னு கேட்டா வர்ற சொல்லை முழுசா எழுது. அப்புறம் மேல்கமா. அது பன்மை எஸ்ல முடிஞ்சிருந்தா அங்கயே நிறுத்து. இல்லைன்னா ஒரு எஸ் போடு.” மென், சில்ட்ரன் ஆகியவை எஸ்ஸில் முடியாத பன்மைகள், அதனால் “மென்’ஸ்”, “சில்ட்ரன்’ஸ்”. தனி விதி எதுவும் வேண்டியிருக்கவில்லை. எஸ்ஸில் முடியும் ஆட்பெயர்களுக்கு ஆங்கிலேயர்களே இரண்டு விதமாக எழுதுகிறார்கள். அதைக் குழந்தையிடம் கொண்டுபோகாதீர்கள்.

தமிழ் வழியின் குறையையும் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆனால் பேசாத பிள்ளைக்கு இது வேலை செய்யாது. ஓட அதன் நாக்கில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மேன், லீஃப் வழியே மேல். வேகமும் முதலில் குறையும், ஒவ்வொரு எஸ்ஸிலும் நின்று தமிழில் கேட்டு நகர வேண்டியிருக்கும். எங்களுக்கு இரண்டு மாதத்தில் அந்த நிறுத்தம் தானாகக் கரைந்தது.

ஆகவே முடிவெடுக்க நிற்பவர்களுக்கு என் கணக்கு இப்படி. ஆறு வயதுக்குள் என்றால் மேல்கமாவையே காட்டாதீர்கள். கதை சொல்லும்போது யாரோடது, எத்தனை என்று வாயால் மட்டும் கேளுங்கள். ஆறேழு வயதில், பன்மை கையில் படிந்த பிறகு, ஒருமை உடைமையை மட்டும் ஓட-எது கேள்விகளோடு தொடங்குங்கள். பிறகு உரு மாறும் சொற்களை எதிரெதிரே வையுங்கள். பன்மை உடைமை எட்டு வயதுக்குக் காத்திருக்கலாம். பயிற்சித்தாள் வேண்டுமென்றால் கடைசியில், அதுவும் பன்மையும் உடைமையும் வினையும் கலந்த தாளாக. அதைவிடச் சொல்வதை எழுதும் பயிற்சி நல்லது: நீங்கள் ஒரு வாக்கியம் சொல்லுங்கள், குழந்தை கேட்டு எழுதட்டும். காதுக்கு விடை தெரியாத இடத்தில்தான் யோசனை ஓடும்.

இந்தச் சோதனைக்கு அடங்காத ஒரு சொல் உண்டு, “இட்ஸ்”. அதோட வால் என்றால் ஓட வருகிறது, எது என்றால் வால் வருகிறது, ஆனாலும் மேல்கமா கிடையாது. மகள் இதைப் பிடித்துவிட்டு, நான் ஏமாற்றிவிட்டேன் என்பது போலப் பார்த்தாள். “ஹிஸ்”, “ஹெர்” எழுதிக் காட்டினேன். அவனோட, அவளோட. அங்கேயும் மேல்கமா இல்லை. “நான்” என்பதோட பை என்று சொல்வோமா என்று கேட்டேன்.

“இல்ல. என் பை.”

“ஓட எங்க போச்சு?”

“நான்-ங்கிறதே என்-னு மாறிடுச்சே, அப்புறம் எதுக்கு ஓட?” கொஞ்சம் நிறுத்தி, ஹிஸ்ஸையும் இட்ஸையும் திரும்பப் பார்த்தாள். “ஓ. இதுங்களும் மாறிடுச்சா. அப்ப பேர் இருக்கிறதுக்குத்தான் மேல்கமா.”